இரைச்சலை எடுத்த நாள்

அப்புத்தளை புகையிரத நிலையத்திலிருந்து கடைவீதிக்கு ஏறும் வழியில், தாஸிம் நானாவின் இரும்புக்கடையை ஒட்டி ஒரு சின்னக் கடை இருக்கிறது. போன் திருத்தலாம், ரீலோட் போடலாம், உடைந்த கண்ணாடி மாற்றலாம். அந்தக் கடையின் தகரக் கூரைக்கு மேலே, சைக்கிள் சில்லளவு வட்டமாக வளைத்த ஒரு செம்புக் குழாய் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து ஏதாவது கோயில் அலங்காரத்தில் மிஞ்சியதென்று நினைப்பார்கள். அது ஏரியல். அதன் சொந்தக்காரன் விஜேந்திரன்.

விஜேந்திரன் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவன். பள்ளிக்கூடம் முடித்து, பதுளையில் மின்னணுத் தொழிற்பயிற்சி பெற்று, போன் கோபுரங்களில் ஏறி இறங்கும் வேலைக்குப் போனான். பத்து வருடம் ஏறினான். ஒருநாள் நனைந்த படியில் கால் வழுக்கி முழங்கால் பிசகியது. அதற்குப் பிறகு கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

ரேடியோ மோகம் அவனுக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. ஆனால் யுத்த காலத்தில் தமிழன் வீட்டுக் கூரையில் ஒரு கம்பி கூடுதலாக நின்றால் அதற்கு விளக்கம் சொல்லி மாளாது. ஒருமுறை பஸ்ஸில் வரும்போது பையைச் சோதித்து, உள்ளே கிடந்த செம்புக் கம்பிச் சுருளுக்காக அவனை ஒரு நாள் முழுக்க உட்காரவைத்து விசாரித்தார்கள். யுத்தம் முடிந்து சில வருடம் கழித்துத்தான் கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினான். அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரமும், தனக்கென்று ஒரு அழைப்புக்குறியும் கிடைத்தன. அதைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினான். தாஸிம் நானா வந்து பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்கப் போன எடத்துல எடுத்த படமா தம்பி?" என்றார்.

இப்போது அவனிடம் இருக்கும் ரேடியோவைப் பார்த்தால் அதை ரேடியோ என்று யாரும் சொல்லமாட்டார்கள். சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. திருகு கிடையாது, முள் கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது. ஏரியலில் வந்து விழும் அலைகளை அப்படியே எண்களாக்கிக் கணினிக்குள் தள்ளிவிடும். அதிலிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுப்பது மென்பொருளின் வேலை. அதனால் பெட்டி பழசானாலும், அதற்குள் பதிந்திருக்கும் ஃபேர்ம்வெயார் என்ற அடிப்படை மென்பொருளையும் கணினியிலிருக்கும் மென்பொருளையும் புதுப்பித்துவிட்டால் ரேடியோவே புதிதாகிவிடும். நடுவில் மின்சாரம் போனால் மட்டும் பெட்டி செத்துவிடும். அப்புத்தளையில் காற்று பலமாக அடித்தாலே கரண்ட் போகும். ஆகவே விஜேந்திரன் புதுப்பிக்கும் நாட்களில் ஒரு பழைய வேன் பேட்டரியை மேசைக்குக் கீழே கொண்டுவந்து வைத்துக்கொள்வான்.

அந்தப் பெட்டியை அவன் இன்டர்நெட்டோடு இணைத்து வைத்திருந்தான். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் தன் போனிலோ கணினியிலோ அந்தப் பக்கத்தைத் திறந்தால், அப்புத்தளை மலைமேல் அந்த நிமிடத்தில் என்ன கேட்கிறதோ அதைத் தானும் கேட்கலாம். திரையின் ஓரத்தில் யார் எந்த நாட்டிலிருந்து கேட்கிறார்கள் என்று தெரியும். ஜெர்மனி இரண்டு, ஜப்பான் ஒன்று, பிரேசில் ஒன்று. விஜேந்திரன் போன் திருத்திக்கொண்டே அந்த ஓரத்தை அடிக்கடி பார்ப்பான்.

"உலகமே ஒங்கட கடைல காது வச்சிட்டு ஈக்கி" என்பார் தாஸிம் நானா. "ஒரு மனுசன் ரீலோட் போட வாறானில்ல."

"அவங்க காசு தரமாட்டாங்க நானா. கேப்பாங்க, அவ்வளவுதான்."

"அப்ப எங்கட வீட்டுப் பொம்புளைகளவிட மோசம். அதுகள் கேக்கவும் செய்யும், காசும் கேக்கும்."

கலாராணி அந்தக் கடைக்கு முதலில் வந்தது, குவைத்தில் வீட்டு வேலைக்கு இருந்து முதல் விடுமுறைக்கு வந்த சமயத்தில். பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மேல்கணக்கு என்னும் மேற்பிரிவின் லயத்துக்காரி. கணவன் சின்னராசா, மகள் துவாரகா, மகன் ரமேஸ். போனில் சார்ஜ் ஏறவில்லை என்று கொண்டுவந்திருந்தாள். விஜேந்திரன் அதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மேசையிலிருந்த ஸ்பீக்கரில் படபடவென்று ஒரு சத்தம் வந்தது.

"என்னண்ணே அது, எண்ணெய்ல கடுகு போட்ட மாதிரி?"

"இடி. எங்கயோ தூரத்துல மின்னுது. மின்னல் அடிச்சா ரேடியோவுல இப்படித்தான் விழும்."

"இங்க வெயில் அடிக்குதே?"

"நம்ம காதுக்கு எட்டாத தூரம். ஏரியலுக்கு எட்டும்."

அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, கிட்ட இடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டாள். சட்டியைப் போட்டு உடைத்த மாதிரி இருக்கும் என்றான். அப்புறம்தான் அவள் தன் விஷயத்தைச் சொன்னாள். அவர்களுடைய லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது. வேறிடத்தில் வீடு கட்டித் தருவதாகச் சொல்லி வருடங்கள் போய்விட்டன. ஐப்பசி கார்த்திகையில் மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு மழை கொட்டும். ஒவ்வொரு மழைக்கும் கீழே கோயில் மண்டபத்துக்குப் போய் இருந்துவிட்டு வரவேண்டும். மண்சரிவு எச்சரிக்கை அடிக்கடி வரும், ஒன்றும் நடக்காது, சனங்களுக்கு அலுத்துவிட்டது. சின்னராசாவோ சொன்னால் எழும்புகிற ஆள், சொல்லாவிட்டால் எழும்பமாட்டார். மழை வலுத்துவிட்டால் அந்தப் பக்கம் போனுக்கு சிக்னலும் கிடைக்காது.

"மழைக்கு முன்னாடி நான் கூப்புட்டுச் சொல்லிட்டன்னா போதும்ணே. குவைத்துல இருந்துக்கிட்டு எனக்கு எப்படித் தெரியும்?"

விஜேந்திரன் அவளுடைய போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, எந்த அலைவரிசையில் வைத்துக் கேட்கவேண்டும் என்று காட்டிக் கொடுத்தான். விளையாட்டுப் போலத்தான் செய்தான்.

ஆனால் அவள் விளையாட்டாக எடுக்கவில்லை. குவைத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேடம் தூங்கும் நேரம், இங்கே பின்னேரம். அவள் ஒரு காதில் இயர்போன் குழலை மாட்டிக்கொண்டு இஸ்திரி போடுவாள். கடுகு பொரிந்தால் பேசாமல் இருப்பாள். சட்டி உடைகிற சத்தம் வந்ததும் சின்னராசாவை அழைப்பாள். "எந்திரிங்க. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு கோயிலுக்குப் போங்க." முதல் தடவை லயமே சிரித்தது. இரண்டாம் தடவை அவள் சொல்லி அரை மணித்தியாலத்தில் வானம் பொத்துக்கொண்டது. அதற்குப் பிறகு சின்னராசாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "குவைத்துல இருந்துக்கிட்டு மேல்கணக்குக்கு மழை சொல்றா பாருங்கய்யா எம்பொண்டாட்டி" என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரிடமும் சொல்வான். லயத்தில் பக்கத்து அறைகளிலிருந்த காம்பராக்காரர்களும் பையைத் தூக்கிக்கொண்டு, "கலா கூப்புட்டுட்டாளாம்" என்று பின்னாலேயே கிளம்புவார்கள். எச்சரிக்கைகள் அவர்களுக்குப் பழகிப்போன அளவுக்கு, கலாவின் போன் நம்பிக்கையாகிப்போனது.

இடி நேரத்தில் ஏரியலைக் கழற்றிவிட வேண்டும் என்பது ரேடியோக்காரர்களின் முதல் பாடம். விஜேந்திரன் கலாராணிக்காக அதைக் கழற்றாமல் விட்டான். மண்ணுக்குள் ஆழமாக ஒரு செம்புக் கோல் அடித்து இறக்கி, மின்னலை அதன் வழியே இறங்கும்படி செய்தான். அப்படியும் ஒரு பெட்டி கருகிப்போனது. வேறொன்று வாங்கி வைத்தான். மனைவி பாக்கியலெட்சுமி கேட்டபோது, "ஒரு வீட்டுக்கு அது காவல் மாதிரி" என்றான்.

இப்படி இரண்டு வருடம் போயிற்று.

மூன்றாம் வருடம் புரட்டாதி கடைசியில், வெளிநாட்டுக் கேட்பவர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. உங்கள் இடம் அருமையான இடம், ஆனால் மென்பொருள் பழையது, இரைச்சல் தாங்கமுடியவில்லை, புதிய பதிப்பு வந்திருக்கிறதே, ஏன் போடவில்லை? மரியாதையாகத்தான் எழுதினார்கள். விஜேந்திரனுக்கு வெட்கமாக இருந்தது. விருந்துக்கு வந்தவர்கள் பாயில் மணல் இருக்கிறதென்று சொன்னமாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்தினான். வேன் பேட்டரியை மேசைக்குக் கீழே வைத்தான். பழைய மென்பொருள் இருந்த மெமரி அட்டையைப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தினான். புதிய பதிப்பில் என்னென்ன மாறியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் நீளமாக எழுதியிருந்ததை முதலிலிருந்து கடைசிவரை படித்தான். அவசரக்காரன் இல்லை அவன். அதில் ஒரு வரி, மின்னல் போன்ற திடீர் இரைச்சல்களை வெட்டி எடுக்கும் வடிகட்டி இனிமேல் எல்லாருக்கும் தானாகவே இயங்கும் என்று சொன்னது. அந்த வரியையும் படித்தான். இதைத்தானே கேட்டார்கள், நல்லது என்று அடுத்த வரிக்குப் போனான்.

பெட்டியின் பச்சை விளக்கு வேகமாகச் சிமிட்டியது, நின்றது, பிறகு மெதுவாக எரிந்தது. எல்லாம் சரியாக முடிந்தது. ஒவ்வொரு அலைவரிசையாக வைத்துப் பார்த்தான். முன்பு சாக்குக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்ட குரல்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டன. அன்று வானம் தெளிவாக இருந்தது. எங்கும் ஒரு மின்னல் இல்லை. கழிந்துபோனதென்ன என்று அவனுக்குத் தெரிய வழியில்லாமல் போனது.

பாராட்டுகள் வந்தன. இலங்கையில் இதைவிடச் சுத்தமான நிலையம் இல்லை என்று ஒருவர் எழுதினார். விஜேந்திரன் அதைப் பாக்கியலெட்சுமிக்குத் தமிழில் சொல்லிக் காட்டினான். தாஸிம் நானாவுக்கும் சொன்னான்.

ஐப்பசி பாதியில் மழை தொடங்கியது. நான்கைந்து நாள் இடியில்லாமல் விட்டுவிட்டுப் பெய்து மண் ஊறிக் கிடந்தது. அந்தப் புதன்கிழமை பின்னேரம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. முதல் இடி விழுந்தபோது தாஸிம் நானா கடைக்கு வெளியே தொங்கிய வாளிகளை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார். விஜேந்திரன் மற்றக் கருவிகளின் வயர்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, வழக்கம்போல அந்தப் பெட்டியை மட்டும் விட்டுவைத்தான்.

திரையைப் பார்த்தான். பழைய பதிப்பில் ஒவ்வொரு மின்னலுக்கும் திரையின் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று விழும். இப்போது ஒரு கோடும் இல்லை. தலைக்கு மேலே இடித்துக்கொண்டிருக்கிறது, திரை குளத்துத் தண்ணீர்போல் அசையாமல் கிடக்கிறது. அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. உடனே அந்தத் திரையைப் படம் பிடித்து, "இடிமழைக்கு நடுவில்" என்று எழுதி, ரேடியோக்காரர்களின் குழுவுக்கு அனுப்பினான். ஓரத்தில் நாடுகளின் பெயர் வரிசையில் குவைத் ஒன்று என்றும் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்து, இன்றைக்குக் கலாவுக்கும் தெளிவாகக் கேட்கும் என்று சந்தோஷப்பட்டான்.

அந்தச் சந்தோஷத்தைப் பிற்பாடு அவன் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறான். அதற்குள் எந்த இடத்தில் தன் புத்தி தூங்கியது என்று தேடினால் இடமே கிடைக்காது. அவள் கேட்பது அந்தச் சத்தத்தைத்தான் என்று அவனுக்குத் தெரியும். அந்தச் சத்தத்தைத் தான் எடுத்துவிட்டோம் என்றும் தெரியும். தெரிந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் அவனுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

மறுநாள் காலையில் பண்டாரவளையிலிருந்து வந்த பஸ் கண்டக்டர் சொன்னார், பூனாகலைப் பக்கம் லயமொன்று மண்ணுக்குள் போய்விட்டதாம் என்று. விஜேந்திரன் கடையைத் திறந்தபடியே தாஸிம் நானாவிடம் விட்டுவிட்டு ஓடினான். பாதி வழிக்கு மேல் வாகனம் போகவில்லை. பிசகிய காலை இழுத்துக்கொண்டு நடந்தான்.

கோயில் மண்டபத்தில் சனம் நிரம்பியிருந்தது. துவாரகாவும் ரமேஸும் ஒரு தூணோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் காம்பரா விஜயலெட்சுமி அவர்கள் இரண்டு பேர் மேலும் தன் சேலைத் தலைப்பைப் போட்டிருந்தாள். அவள்தான் நடந்ததைச் சொன்னாள்.

"மலை ஊத்துல இருந்து வர்ற பீலித் தண்ணி மண்ணு கரைஞ்சு செவப்பா வந்துச்சுங்க. எல்லாரையும் வாங்க வாங்கன்னு கத்துனேன். இந்தப் புள்ளைங்க ரெண்டையும் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டேன். சின்னராசா வாசல் இஸ்தோப்புலயே நிக்கிறாரு. 'கலா இன்னும் கூப்புடலையே விஜயக்கா. பெரிய மழைன்னா கூப்புட்டிருப்பா. நீங்க முன்னால போங்க, நான் மாட்டுக்குப் புல்லப் போட்டுட்டு வாறேன்'னாரு. எங்க வந்தாரு?"

விஜேந்திரன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். சொந்தக்காரர் போலிருக்கிறது என்று ஒரு பெண் மற்றவளிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது.

அன்று கடைக்குத் திரும்பியதும் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். அங்கே ஒரு சின்னச் சதுரம், அதற்குள் ஒரு சரி அடையாளம். விரலால் ஒருமுறை தட்டினால் போய்விடும். தட்டினான். உடனே ஸ்பீக்கரில் கடுகு பொரிய ஆரம்பித்தது. எங்கோ தூரத்தில் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

இரவு வீட்டில் பாக்கியலெட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சொன்னாள்: "அந்தப் பொண்ணுக்கிட்ட சொல்லாதீங்க. சொன்னா போனவரு வரப்போறாரா? அவளுக்கு இன்னொரு பாரம்தான். உங்களுக்கும் இந்த ஊருல கடை வச்சுக் காலம் தள்ள முடியாது."

அவள் சொன்னதில் பிழை இருப்பதாக அவனுக்குப் படவில்லை. சொல்லவேண்டாம் என்றே முடிவெடுத்தான்.

சின்னராசாவின் உடல் மூன்றாம் நாள் கிடைத்து, அடக்கம் முடிந்தது. கலாராணிக்கு விடுப்புக் கிடைத்து அவள் வந்து சேர்வதற்குள் கருமாதி நெருங்கிவிட்டது. விஜேந்திரன் கருமாதிக்குப் போனான். கூட்டத்தின் கடைசியில் நின்று, அவள் கண்ணில் படாமல் திரும்பி வந்தான்.

ஒரு வாரம் கழித்து அவளே கடைக்கு வந்தாள். கூடத் துவாரகா. வானம் மூட்டமாக இருந்தது. கலாராணி போனையும் காதுக் குழலையும் மேசைமேல் வைத்தாள். கை மெலிந்திருந்தது.

"அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க. இதுல என்னமோ கோளாறு."

"என்ன செய்யுது தங்கச்சி?"

"அன்னைக்கி எனக்கு ஒண்ணுமே கேக்கல. காதுல மாட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். கழட்டவே இல்ல. எங்கம்மா மேல சத்தியமா நான் தூங்கல." அவள் குரல் உயரவில்லை. யாரிடமோ ஏற்கனவே பலமுறை சொன்னதைச் சொல்வதுபோல் இருந்தது. "மொதல்ல குழல்தான் போயிருச்சுன்னு நெனச்சேன். அப்பறம் எங்காதே கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லி மேடத்துகிட்ட அழுதேன். பாத்துட்டு காது நல்லாத்தான் இருக்குன்னுட்டாங்க. அப்ப நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். சட்டை மடிக்கிறப்ப மனசு எங்கயோ போயிருக்கும்."

"அம்மா, விடும்மா" என்றாள் துவாரகா.

"இல்லடி. உங்கப்பா நான் கூப்புடுவேன்னு நின்னிருக்காரு."

விஜேந்திரன் போனைக் கையில் எடுத்தான். பின்மூடியைத் திறந்தான். உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. குழலை மாட்டும் துளைக்குள் கொஞ்சம் தூசு. இதோ, தூசு அடைத்திருக்கிறது, அதனால்தான் கேட்கவில்லை, உன்மேல் பிழையில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கும் ஆறுதல், அவனுக்கும் பிழைப்பு. அவள் அதை நம்பியும்விடுவாள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

வெளியே எங்கோ உருண்டது. தாஸிம் நானா வாளிகளை எடுக்கும் சத்தம் கேட்டது. மேசைமேலிருந்த ஸ்பீக்கர் சட்டியை உடைத்தது.

கலாராணி திடுக்கிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

விஜேந்திரன் போனைக் கீழே வைத்தான். கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினான். "இதக் கேளு தங்கச்சி" என்று சொல்லி, அந்தச் சின்னச் சதுரத்தைத் தட்டினான்.

வானத்தில் மறுபடி இடித்தது. கடைத் தகரம் அதிர்ந்தது. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. லேசாகக் காற்று வீசுவது மாதிரி ஒரு சத்தம், மிகவும் இதமான சத்தம். மறுபடி இடித்தது. ஸ்பீக்கரில் அதே காற்று.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுதாண்ணே" என்றாள் கடைசியில். "இதத்தான் கேட்டுக்கிட்டு இஸ்திரி போட்டேன். அங்க நல்ல வெயில் போலன்னு நெனச்சேன். புள்ளைங்க வெளிய வெளையாடும்னு நெனச்சேன்."

அவன் சதுரத்தைத் திரும்பத் தட்டினான். சட்டி உடைந்தது.

"நான்தான் மாத்துனேன்" என்றான். "புதுசு போட்டேன். அது இரைச்சல எடுத்துரும். எடுக்கும்னு படிச்சேன். உன்ன நெனைக்கல."

"யாரு மாத்தச் சொன்னா?"

"கேக்குறவங்க. வெளிநாட்டுக்காரங்க. இரைச்சலா இருக்கு, சுத்தமாக் கேக்கணும்னு எழுதுனாங்க."

"அவங்களுக்கு இங்க யாரு இருக்கா?"

வெளியே மழை விழத் தொடங்கியிருந்தது. துவாரகா எழுந்து போய்க் கதவோரத்தில் நின்றுகொண்டாள்.

"நீங்க சொல்லாம விட்டிருக்கலாம்" என்றாள் கலாராணி. "இத்தன நாளும் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். இப்ப உங்களத் திட்டணும். அதுக்கு வாய் வரல. வரும். இன்னைக்கி வரல."

போனை எடுத்தாள். என்ன காசு என்று கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மகளை அணைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். ஸ்டேசன் வளைவில் திரும்பும்வரை விஜேந்திரன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"யாரு தம்பி அது?" என்றார் தாஸிம் நானா.

"தெரிஞ்சவங்க."

தை பிறந்ததும் கலாராணி குவைத்துக்குத் திரும்பிப் போனாள் என்று விஜயலெட்சுமி மூலம் கேள்விப்பட்டான். பிள்ளைகள் விஜயலெட்சுமியோடு இருக்கிறார்கள். தற்காலிகம் என்று சொல்லிக் கீழ்க்கணக்கில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேலேயும் ஒரு மலை இருக்கிறது.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதினார்கள், இரைச்சல் திரும்ப வந்துவிட்டதே என்று. விஜேந்திரன், ஆம், அது இனி இருக்கும் என்று ஒரு வரியில் பதில் போட்டான். சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஜெர்மனிக்காரர் ஒருவர் மட்டும் இன்னும் வருகிறார்.

ஆனால் மென்பொருளைப் புதுப்பிக்காமலும் இருக்கமுடியாது. பழைய பதிப்பை விட்டுவைத்தால் இன்டர்நெட் வழியாகக் கண்டவர்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள்; கொஞ்ச நாளில் புதிய போன்களில் பக்கம் திறக்காது. புதுப்பித்தாலோ, எந்தப் புதுப் பதிப்பு எந்தச் சதுரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் சரி அடையாளம் போட்டு வைக்கும் என்று யாருக்குத் தெரியும்? படித்துப் பார்த்தால் போதும் என்ற நம்பிக்கை அவனுக்குப் போய்விட்டது. ஆகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். வானம் தெளிவாக இருக்கும் நாளில் அவன் எதையும் புதுப்பிப்பதில்லை. இடிக்கும் நாளில்தான் செய்வான். முடிந்த கையோடு, வெளியே இடிப்பது உள்ளேயும் இடிக்கிறதா என்று தன் காதால் கேட்டுப் பார்க்கவேண்டும். ரேடியோ தெரிந்த எவனும் செய்யாத காரியம் அது.

சித்திரையில் ஒரு பின்னேரம். இடி தொடங்கிவிட்டது. வேன் பேட்டரி மேசைக்குக் கீழே இருந்தது. திரை ஓரத்தில் ஜெர்மனி ஒன்று, குவைத் ஒன்று. குவைத்தில் இருப்பது அவள்தானா என்று அவனுக்கு நிச்சயமில்லை. அவள் இதுவரை அவனோடு பேசவில்லை. திட்டவும் இல்லை.

"தம்பி, அந்தச் சனியனக் கழட்டி வைங்க" என்று தாஸிம் நானா வாசலில் நின்று கத்தினார். "ஒங்கட கடையும் எரிஞ்சி, எங்கட கடையும் எரியப் போகுது!"

"கொஞ்சம் பொறுங்க நானா."

புதிய பதிப்பை ஏற்றத் தொடங்கினான். பெட்டி கேட்பதை நிறுத்தியது. திரை ஓரம் வெறுமையானது. ஜெர்மனியும் இல்லை, குவைத்தும் இல்லை. பச்சை விளக்கு வேகமாகச் சிமிட்டியது. இன்னும் சில நிமிடங்களுக்கு அந்த மலைமேல் என்ன இடித்தாலும் குவைத்தில் ஒருத்தியின் காதில் விழாது.

விஜேந்திரன் போனை எடுத்து விஜயலெட்சுமியை அழைத்தான்.

"அக்கா, அப்புத்தளையில இருந்து பேசுறேன். இங்க இடிக்குது. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு கோயிலுக்குப் போங்க."

"இங்க தூறல்கூட இல்லீங்களே. வெயில் அடிக்குது."

"பரவாயில்ல. போங்க."

மறுமுனையில் அவள் துவாரகாவைக் கூப்பிடுவதும், ரமேஸ் எங்கே என்று கேட்பதும், ஒரு கதவு சாத்தப்படுவதும் கேட்டன. அவர்கள் நடக்கத் தொடங்கும்வரை அவன் போனை வைக்கவில்லை. கண் பச்சை விளக்கின்மேல் இருந்தது. அது இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது.